கடற்கரைப் பக்கத்து வீட்டில் உப்பு விளக்கு: ஒரு வருட அனுபவம்

போன வருடம் புரட்டாசிக் கடைசியில் இணையத்தில் ஒரு இளஞ்சிவப்பு உப்பு விளக்கு வாங்கினேன், உப்புக் கல்லைக் குடைந்து உள்ளே பல்பு வைத்தது. ஏறக்குறைய மூன்று கிலோ எடை, மரப் பீடம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வயரில் ஒரு சின்ன டிம்மர், உள்ளே 15 வாட் குண்டு பல்பு, எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்க்குள் வந்தது. திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. இதை முதலிலேயே சொல்லக் காரணம், நான் எழுதப்போகும் தொல்லைகளில் பாதிக்கு மேல் அந்த ஈரக்காற்றால் வந்தவை. விற்றவர் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் அதற்கப்புறம் நான் நேரில் பார்த்த நாலைந்து கடைகளிலும் இதே மாதிரி வயர், இதே மாதிரி டிம்மர்தான் இருந்தது.

வெளிச்சத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு இதை மட்டும் போட்டால், கூடம் முழுக்க அகல் விளக்கு ஏற்றி வைத்தது போல ஒரு செம்மஞ்சள் நிறம் பரவும். கல்லில் கலந்திருக்கிற கொஞ்சம் இரும்புதான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. கண்ணுக்கு இதமாக இருக்கும், படிக்கப் போதாது, பேசிக்கொண்டிருக்கப் போதும். முதல் மூன்று வாரம் தினமும் போட்டோம், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள்.

அப்புறம் தீபாவளிக்கு நான்கு நாள் மதுரைக்குப் போனோம். விளக்கை அணைத்துவிட்டுத்தான் போனேன், ஆனால் பிளக்கைப் பிடுங்கவில்லை. அந்த நான்கு நாளும் சென்னையில் விட்டுவிட்டு மழை. திரும்பி வந்து கதவைத் திறந்தால் புத்தக அலமாரியின் மேல்தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மேலே கூரை ஒழுகுகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தேன், கூரை காய்ந்துதான் இருந்தது. கல் முழுக்க வியர்த்துக் கொட்டி, மரப் பீடம் ஊறி உப்பி, அங்கிருந்து வயர் வழியாகவே உப்புத் தண்ணீர் இறங்கி, கீழே தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரைக்கும் ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. மெயினை அணைத்துவிட்டு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன்.

அவர் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். இரண்டு பின்னில் ஒன்று கறுத்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. பல்பு ஹோல்டரைக் கல்லின் அடியிலிருந்து இழுத்தால் பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு. வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. “நல்ல வேளை அக்கா, நீங்க சுவிட்ச்ல கை வைக்கல. இது வெறும் தண்ணி இல்ல, உப்புத் தண்ணி, கரன்ட் அதுல அப்படியே ஓடும்” என்றார். டிம்மரைத் திருகித் திறந்து பார்த்தபோது உள்ளேயும் ஈரம் இருந்தது.

சமையலறையில் நாம் தினமும் பார்க்கிற விஷயம்தான் இது. மழைக்காலத்தில் உப்பு நீர்த்துப் போகும், அதனால்தான் பாட்டி உப்பைப் பீங்கான் ஜாடியில் போட்டு மூடி வைப்பார், தகர டப்பாவில் போட்டால் அரித்துவிடும் என்று திட்டுவார். தூத்துக்குடி உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் உப்புக் குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடுவதும், மழை மாதங்களில் உற்பத்தியே நின்றுபோவதும் நமக்குத் தெரியாததல்ல. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், மழையே படாவிட்டாலும், உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்து அதில் தானே கரையத் தொடங்கிவிடும். சென்னை, நாகப்பட்டினம், கடலூர் மாதிரி ஊர்களில் விடிகாலையில் அந்த அளவை எட்டுவது சாதாரணம், ஐப்பசி கார்த்திகை மழை நாள்களில் நாள் முழுக்கவே அப்படித்தான் இருக்கும். ஜாடியில் மூடி வைக்கவேண்டிய பொருளைத் திறந்த அலமாரியில் வைத்து, அதற்குள் 230 வோல்ட் வயரையும் விட்டிருக்கிறோம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

விற்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். விளக்கை எப்போதும் எரியவிடுங்கள், சூட்டில் ஈரம் காய்ந்துவிடும் என்கிறார்கள். காய்ந்துவிடும் என்பது உண்மை. அதற்காகத்தான் குண்டு பல்பு கொடுக்கிறார்கள். மின்சாரம் மிச்சமாகும் என்று நான் நடுவில் எல்.இ.டி பல்பு மாற்றிப் பார்த்தேன், சூடே இல்லாததால் எரியும்போதே கல் வியர்த்தது. ஆனால் ராத்திரி முழுக்க, ஊருக்குப் போகும்போதும்கூட, மட்டமான வயரும் டிம்மரும் போட்ட ஒரு விளக்கை எரியவிடுங்கள் என்று சொல்வதை எப்படி ஏற்றுக்கொள்வது? எரியவிட்டால் டிம்மர் சூடாகிறது, அணைத்துவிட்டால் தண்ணீர் சேர்கிறது. ஏ.சி அறையில் வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு தோழி சொன்னாள், அதையும் செய்தேன். ஏ.சி ஓடும்வரை கல் காய்ந்திருந்தது, காலையில் ஏ.சியை நிறுத்தி ஜன்னலைத் திறந்ததும் குளிர்ந்த கல்லின்மேல் வெளிக்காற்று பட்டு முன்பைவிட வேகமாக நனைந்தது. கோயம்புத்தூரில் என் தங்கை வீட்டிலும் இதே அளவில் ஒன்று இருக்கிறது. அங்கே வருடத்தில் பல மாதம் அது காய்ந்துதான் இருக்கிறது, ஆகவே உள்நாட்டில் வறண்ட ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

பொருந்தும் மீதிப் பாதி டிம்மர். 2017 ஜனவரியில் அமெரிக்காவில் மைக்கேல்ஸ் என்ற கடைத்தொடர் தான் விற்ற ஏறக்குறைய 80,000 உப்பு விளக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டிம்மரும் பிளக்கும் அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பற்றலாம், ஷாக் அடிக்கலாம் என்பதுதான் அங்கே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்ன காரணம். கல்லில் ஒரு கோளாறும் இல்லை, அதோடு கொடுத்த மின்சாமான்தான் கோளாறு. என் விளக்கின் வயரில் ஐ.எஸ்.ஐ முத்திரை எங்கும் இல்லை, பிளக் இரண்டு பின் கொண்டது, டிம்மர் உறை விரலால் அழுத்தினாலே பிதுங்கியது. ஒரு ஃபேன் ரெகுலேட்டர் வாங்கும்போது எந்த நிறுவனம், எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்கிற நாம், விளக்கு அழகாக இருப்பதால் இதை ஒன்றும் கேட்காமல் வாங்கி வந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது, பெயர் மீனு. விளக்கு வந்த இரண்டாவது வாரத்திலேயே கல்லின் ஒரு பக்கம் வழவழப்பாக ஆகியிருந்ததை, கல்லின் தன்மை என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் அது அலமாரிமேல் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை மருத்துவரிடம் கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. பூனை, நாய் உடம்பில் உப்பு அதிகமானால் அடங்காத தாகம், வாந்தி வரும், அதற்குமேல் போனால் மூளையைப் பாதித்துத் தள்ளாட்டம், வலிப்பு வரை போகும் என்றார். 2019-ல் நியூசிலாந்தில் உப்பு விளக்கை நக்கியே ஒரு பூனை தலையை நேராகப் பிடிக்க முடியாமல், நடக்க முடியாமல் போய், சிகிச்சையில் பிழைத்த செய்தியை அப்புறம் படித்தேன். ஒருமுறை நக்கியதும் விபரீதம் ஆகிவிடாது, ஆனால் உப்பு ருசி கண்ட பூனை விடாது, திரும்பத் திரும்பப் போகும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் அது எட்டுகிற இடத்தில் இதை வைக்கவே கூடாது. பூனைக்கு எட்டாத இடம் என்று எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொரு கவலையும் உண்டு, தொங்குகிற வயரை இழுத்தால் மூன்று கிலோ கல் தலையில் விழும்.

இப்போது பெட்டியில் எழுதியிருந்ததற்கு வருகிறேன், எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். எதிர்மின் அயனிகளை வெளியிட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும், ஆஸ்துமாவைத் தணிக்கும், கைபேசிக் கதிர்வீச்சை உறிஞ்சும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். என் மாமனாருக்கு இருபது வருடமாக வீசிங் இருக்கிறது. பெட்டியைப் படித்துவிட்டு விளக்கைத் தன் கட்டில் பக்கத்தில் வைக்கச் சொன்னார், வைத்தோம். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் காலை வேளை இன்ஹேலரைத் தானாகவே நிறுத்தியிருக்கிறார். “விளக்கு இருக்கேம்மா” என்றார். கெஞ்சிக் கூத்தாடி மறுபடி எடுக்க வைத்தேன். உப்புப் படிகத்துக்குள் இருக்கும் சோடியமும் குளோரினும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பவை. உப்பு உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். கையால் தொட்டுப் பார்க்க முடிகிற அளவுக்குச் சூடேற்றும் 15 வாட் பல்பு அந்தப் பிடிப்பை அசைத்து அயனிகளை வெளியே விடாது. போலந்தில் வியலிச்கா உப்புச் சுரங்கத்துக்குள் மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்காக ஒரு சிகிச்சை இடம் நடக்கிறது என்று இதற்கு ஆதாரம் காட்டுவார்கள். நிலத்தடியில் உப்புப் பாறைக்கு நடுவே இருக்கிற காற்று வேறு, நம் கூடத்தில் தெருத்தூசியோடு வருகிற காற்று வேறு. ஈரத்தோடு சேர்த்துத் தூசியையும் இழுத்துக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். இழுத்த ஈரம் எங்கே போயிற்று என்பதை என் அலமாரிப் பலகையில் வந்து பார்க்கலாம்.

இமயமலை உப்பு என்று பெயர் இருந்தாலும், இந்த இளஞ்சிவப்பு உப்பு பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டப்படுவது. 2019 பிப்ரவரியில் இந்தியா பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீத சுங்கவரி போட்டது, 2025 மே மாதம் இறக்குமதியையே முழுக்கத் தடை செய்தது. ஆகவே அசல் கல் என்று சொல்கிறவர்களிடம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள், என் பெட்டியில் நாட்டின் பெயரே அச்சிடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு வேண்டும் என்பவர்களுக்கு, எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னதும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதும். டிம்மர் வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள வயர், நல்ல ஹோல்டர், சாதாரண ஆன் ஆஃப் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. விளக்கின் அடியில் விளிம்பு உயர்ந்த பீங்கான் தட்டு வையுங்கள், எவர்சில்வர் தட்டும் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். வயர் விளக்கிலிருந்து நேராக பிளக்குக்குப் போகாமல் நடுவில் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும், அப்போது வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். அதனால் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவர் பிளக்தான். டிவி, லேப்டாப் பக்கத்தில் வைக்காதீர்கள். தூங்கப் போகும்போது அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கல் ஆறியதும் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிவிடுங்கள். வீட்டு மெயின் போர்டில் இ.எல்.சி.பி, அதாவது கரன்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இருந்தது, அழுத்தினால் விழவில்லை. அதை மாற்றியதுதான் இந்த விளக்கால் எங்களுக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். வியர்ப்பது உப்பின் இயற்கைக் குணம், அசல் கல் என்பதற்கு அதுவே அடையாளம், திருப்பி எடுக்கும் நாள்களும் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. இயற்கைக் குணம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே, கடலோர ஊர்களுக்கு அனுப்பும் பெட்டியிலாவது அதை ஒரு வரி தமிழில் அச்சிடுங்கள், ஆஸ்துமா வரியை எடுத்துவிடுங்கள் என்று மறுபடி எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

புது வயர் போட்டு மாசியிலிருந்து ஆனி வரை ஓட்டினோம், மீனுவை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஆவணியில் மழை தலைகாட்டியதும் பல்பைக் கழற்றி, கல்லை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், இரண்டும் அந்த வெளிச்சத்துக்கு. அலமாரிப் பலகையில் வெள்ளையாகப் பூத்த உப்புக் கறையைத் தேங்காய் எண்ணெய், வினிகர் இரண்டும் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று, போகவில்லை. மரத்திலிருந்து உப்புக் கறையை எடுக்க வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.