ஏழு கல் தோட்டுக்கு எந்த வைரம்: சுரங்கக் கல்லா, ஆய்வகக் கல்லா?

மகளின் திருமணத்துக்கு ஏழு கல் வைரத்தோடு எடுப்பதற்காக மதுரை தெற்காவணி மூல வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் கறுப்பு வெல்வெட் தட்டில் இரண்டு ஜோடித் தோடுகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்று சுரங்கத்தில் எடுத்த வைரம், மற்றது ஆய்வகத்தில் வளர்த்தது என்றார்கள். விளக்கின் கீழும் பார்த்தோம், வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்திலும் பார்த்தோம். எது எதுவென்று எங்களால் சொல்ல முடியவில்லை. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

கண்ணுக்குப் பிடிபடாததில் வியப்பில்லை; இரண்டும் கார்பன் படிகமே, கடினத்திலும் ஒளியைச் சிதறடிப்பதிலும் இரண்டும் ஒன்றே. ஒன்று பூமிக்கடியில் சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும்பாலும் 100 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவாகி எரிமலைக் குழம்போடு மேலே வந்தது. மற்றொன்று பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலுமோ, மீத்தேன் கலந்த வாயுவிலிருந்து படலம் படலமாகவோ சில வாரங்களில் வளர்ந்தது. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் சிர்க்கோனியா வைரமே இல்லை; இந்தக் கணக்கிலேயே சேராது. கடைக்காரர் வெப்பத்தைச் சோதிக்கும் பேனாவைக் கல்லில் வைத்துக் காட்டினால், அது சிர்க்கோனியா இல்லை என்பது மட்டுமே உறுதியாகும். ஆய்வகக் கல்லுக்கும் அந்தப் பேனா வைரம் என்றே காட்டும். இரண்டையும் பிரித்தறிய ஆய்வகக் கருவிகள் வேண்டும் என்பதால், சான்றிதழ் இல்லாமல் சுரங்கக் கல்லின் விலையைக் கொடுக்கக் கூடாது.

தரம் பார்ப்பது மதுரைக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் இந்நகரின் இரத்தினக் கடைத்தெரு வரும் இடத்திலேயே காகபாதம் (காக்கைக் கால் போன்ற கோடு), களங்கம், விந்து (புள்ளி), ஏகை (கோடு) என்று வைரத்தின் குற்றங்கள் சொல்லப்படுகின்றன. இன்று அதே குற்றங்களைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்து, வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று தெளிவை மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் குறிக்கிறார்கள். நிறத்துக்கு, நிறமே இல்லாத டி முதல் மஞ்சள் சாயலுள்ள இசட் வரை எழுத்து. எடைக்குக் காரட், அதாவது 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். ஆனால் கல்லுக்கு உயிர் கொடுப்பது பட்டை தீட்டியிருக்கும் நேர்த்தியே. பட்டைகளின் கோணம் தவறினால் உள்ளே போன ஒளி அடிப்புறமாகக் கசிந்துவிட, எவ்வளவு தெளிந்த கல்லும் மங்கித் தெரியும். ஐந்து, பத்து சென்ட் கற்களை மஞ்சள் தங்கத்தில் பதிக்கும்போது எஃப் நிறத்துக்கும் எச் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு காதில் தெரியாது. ஆகவே நிறத்துக்கும் வி.வி.எஸ்.ஸுக்கும் கொட்டும் பணத்தைப் பட்டையின் நேர்த்திக்குக் கொடுப்பதே என் கணக்கில் புத்திசாலித்தனம். ஆய்வகக் கற்களில் உயர்ந்த நிறமும் தெளிவும் சாதாரணமாகவே கிடைப்பதால், அந்த எழுத்துகளுக்காக அங்கே கூடுதல் விலை கொடுக்கத் தேவையும் இல்லை. வைரங்களுக்குத் தரச் சான்றிதழ் தரும் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனமே 2025 அக்டோபர் முதல் ஆய்வகக் கற்களுக்கு அந்தப் படிநிலைகளை விட்டுவிட்டு, பிரீமியம், ஸ்டாண்டர்ட் என்று இரண்டே பிரிவுகளில் மதிப்பிடுகிறது.

மறுவிற்பனையில்தான் இரண்டும் பிரிகின்றன. ஆய்வகக் கல்லின் விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது. நாளை விற்றால் கல்லுக்குப் பெரிதாக எதுவும் தேறாது என்று எண்ணியே வாங்க வேண்டும். சுரங்கக் கல்லைப் பல கடைகள் ஒரு கழிவோடு திரும்ப எடுக்கின்றன என்றாலும், அதையும் தங்கம்போல் சேமிப்பாகக் கருதுவது தவறு. நீலச் சாயலுள்ள புளூ ஜாகர் வைரம் பதித்த பாட்டியின் மூக்குத்தியைப் போலத் தலைமுறைக்கும் கைமாற வேண்டும் என்பவர்கள் சுரங்கக் கல்லையே எடுக்கட்டும்; அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாங்கள் ஆய்வகக் கல் தோட்டை எடுத்து, மிச்சப் பணத்துக்கு மகளுக்குத் தங்க வளையல் வாங்கினோம். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மையை மட்டுமே சொல்லும், கல்லைப் பற்றிப் பேசாது. அதனால் ரசீதில் தங்கத்தின் எடையையும் கல்லின் காரட்டையும் தனித்தனியாகப் போடச் சொல்லி, ‘ஆய்வகத்தில் வளர்த்த வைரம்’ என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டோம்.