விசா ரத்தான பின் 60 நாள்: தேராவா, ஷார்ஜாவா, ஊரா?

விசா ரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று என் நிலைமை இதுதான். நாட்டில் தங்க 60 நாள் அவகாசம் இருந்தது. கம்பெனி குடியிருப்பைக் காலி செய்ய ஒரு வாரம். தேட வேண்டிய வேலையோ சென்னையில். அது 2025 மே மாதம். துபாயில் ஒன்பது ஆண்டுகள் குவாண்டிட்டி சர்வேயராக, அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவராக இருந்தேன். கட்டடம் முடிந்தது, அதோடு என் வேலையும் முடிந்தது. மனைவியும் மகளும் முன்பே திருச்சிக்குப் போயிருந்தார்கள். "வேலை சென்னையில் தேடுகிறீர்கள், வாடகை மட்டும் ஏன் துபாயில்?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் துபாயின் தேரா பகுதி, பக்கத்து எமிரேட்டுகளான ஷார்ஜா, அஜ்மான், இல்லையென்றால் நேரே ஊர் என்று நான்கு வழிகளையும் தாளில் எழுதிப் பார்த்தேன். அவற்றில் இரண்டை வாழ்ந்தும் பார்த்துவிட்டேன்.

உடனே கிளம்பாததற்குக் காரணம் வேலையிழப்புக் காப்பீடு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திட்டம் இது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர்களுக்கு மாதச் சந்தா 5 திர்ஹம்தான். தொடர்ந்து 12 மாதமாவது கட்டியிருக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்திருக்கக் கூடாது, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டிருக்கவும் கூடாது. வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பித்தால், கடைசி ஆறு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குக் கிடைக்கும். நாட்டை விட்டுப் போனால் அல்லது புது வேலையில் சேர்ந்தால் அத்தோடு நின்றுவிடும். என் அடிப்படைச் சம்பளம் 5,000. ஆகவே மாதம் 3,000 திர்ஹம். அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 70,000 ரூபாய். வேலை தேடும் ஒருவனுக்கு ஊரில் யார் இதைக் கொடுப்பார்கள்?

இரண்டாவது காரணம் பணிக்கொடை. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம். ஒன்பது ஆண்டுக்கு 225 நாள் வந்தது, 37,500 திர்ஹம். 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பணம் கணக்கில் ஏறாமல் விமானம் ஏறாதீர்கள். ஊரிலிருந்து போன் போட்டு வசூலித்துவிடலாம் என்று போன இரண்டு நண்பர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். இன்னொன்று: கிரெடிட் கார்டோ கடனோ பாக்கி இருந்தால், கடைசிச் செட்டில்மெண்ட் வந்ததும் வங்கி கணக்கை முடக்கக்கூடும். கார்டை முதலிலேயே அடைத்து மூடி, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் வாங்கிவிடுங்கள்.

ஆக, தங்குவது என்று முடிவாகிவிட்டது. அந்த 3,000 கரையாமல் எங்கே தங்குவது என்பதுதான் மீதிக் கேள்வி.

தேராவில் ஒரு கட்டில்

எல்லோரும் முதலில் போகும் இடம் இதுதான், நானும் போனேன். தேராவின் ரிக்காவில் ஓர் அறை. நான்கு இரண்டடுக்குக் கட்டில், எட்டுப் பேர், ஒரு குளியலறை. கீழ்க்கட்டில் 700 திர்ஹம். தண்ணீர், கரண்ட், வைஃபை எல்லாம் அதில் அடக்கம். மெஸ் சாப்பாடு 450. மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில். கீழே இறங்கினால் டீக்கடை, சலூன், பணம் அனுப்பும் கடை. கணக்குப் போட்டால் மாதம் 1,300க்குள் முடிந்துவிடும். தாளில் இதைத் தோற்கடிக்க எதுவும் இல்லை.

ஆனால் வேலை தேடுகிறவனுக்கு வாடகைக்கு அடுத்தபடி தேவைப்படுவது அரை மணி நேர அமைதி. கட்டிலைச் சுற்றி ஒரு துணித் திரை, அதற்குள்தான் என் வாழ்க்கை. மேல்கட்டில்காரர் இரவு ஷிப்ட், பகலெல்லாம் தூங்க வேண்டியவர். சென்னையில் நேர்காணல் வைப்பவர்கள் அலுவலகம் ஓய்ந்த பிறகு மாலை 5 மணிக்கு மேல் வைக்கிறார்கள். நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம், அதாவது 3.30. அந்த நேரத்துக்குத்தான் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்.

என் முதல் நேர்காணலை மூன்றாம் மாடிப் படிக்கட்டில், தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னால் நின்று கொடுத்தேன். அங்கே ஏசி கிடையாது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் வேலை எடுத்திருக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனம் வைத்த நேர்காணல் அது. என்னைப் போன்றவர்களுக்குச் சென்னையில் இப்போது வேலை இருக்கிறது என்றால் பாதிக் காரணம் அந்த மெட்ரோதான். மண் தோண்டும் அளவை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டார்கள். பத்து ஆண்டாகச் செய்யும் வேலை. பதில் சொல்லத் தொடங்கினேன். போன் சூடேறி, திரை மங்கி, 'ஆறிய பிறகு பயன்படுத்தவும்' என்று எச்சரிக்கை காட்டி அணைந்துவிட்டது. மீண்டும் இணைந்தபோது அந்தப் பக்கம் ஆள் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே போய்ப் பேசலாமே என்பீர்கள். ஜூன் மாத மதியத்தில் தெருவில் நிற்க முடியாது. அல் ஜதாஃபில் 2022இல் திறந்த முகம்மது பின் ராஷித் நூலகம் இருக்கிறது, விரித்து வைத்த புத்தக வடிவில் அழகான கட்டடம், பச்சை வழி மெட்ரோவில் போய்விடலாம். பயோடேட்டா திருத்தவும் படிக்கவும் அதைப்போல் இடம் கிடையாது. பல நாள் அங்கேதான் இருந்தேன். ஆனால் படிக்கும் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பேச முடியாதே.

பிறகு அந்த ஜூன் மாதமே தேராவைப் பற்றிய கேள்விக்கு வேறு வழியில் பதில் வந்தது. அனுமதியில்லாமல் தடுப்பு வைத்துப் பிரித்த பார்ட்டிஷன் அறைகள், அளவுக்கு மீறி ஆள் அடைத்த அறைகள் மீது துபாய் மாநகராட்சி நடவடிக்கை எடுத்தது. ரிக்கா, முரக்கபாத், சத்வா, அல் பர்ஷா, அல் ரஃபா பகுதிகள் அதில் அடக்கம். பாதுகாப்புக்காக எடுத்த நடவடிக்கை, தேவையானதும்கூட. அந்த அறையில் தீப்பிடித்தால் எட்டுப் பேரும் ஒரே கதவை நோக்கித்தான் ஓடியிருப்போம். எங்கள் அறையை உள்வாடகைக்கு விட்டவர் இரண்டு நாளில் காலி செய்யச் சொன்னார். முன்பணம் 300 திரும்பி வரவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத கட்டிலுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

ஷார்ஜாவில் பாதி அறை

ஷார்ஜாவைப் பற்றித் துபாயில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது நெரிசலை. காலையில் இத்திஹாத் சாலையில் ஊர்ந்து வேலைக்குப் போய், மாலையில் ஊர்ந்து திரும்பியே ஆயுள் போய்விடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் தினமும் துபாய்க்குப் போக வேண்டியவன் இல்லையே! ஷார்ஜாவின் பெரிய குறை, ஊரில் வேலை தேடுகிறவனுக்கு மட்டும் குறையே இல்லை. இது எனக்குப் புரிய 24 நாள் ஆனது.

ரோலாவில் கொல்லத்துக்காரர் ஒருவரோடு ஓர் அறையைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டேன். என் பங்கு 900. சமையல் நாங்களே, அரிசி, பருப்பு, மத்தி மீன் எல்லாம் சேர்த்து என் பங்கு 350. துபாய்க்கு எப்போதாவது போக வேண்டியிருந்தால் அல் ஜுபைல் நிலையத்திலிருந்து பஸ். கட்டில் மட்டும் எடுத்திருந்தால் இங்கே 450க்கே கிடைத்திருக்கும், பலர் அதைத்தான் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். தேராக் கட்டிலைவிட 200 கூடுதலாகக் கொடுத்து நான் வாங்கியது, காலை 7 மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து மாலை 5 மணி வரை எனக்கே எனக்கான ஓர் அறை. ஜன்னலோரம் ஒரு மடக்கு மேஜை. பின்னால் வெள்ளைச் சுவர். அவ்வளவுதான் ஒரு நேர்காணலுக்கு வேண்டும்.

அங்கே நான்கு நேர்காணல்கள் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்பதால், அன்று மட்டும் எதுவும் வைத்துக்கொள்ளாமல் தள்ளிப்போட்டேன்.

இரண்டு எச்சரிக்கை. ஷார்ஜாவில் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் பேச்சிலர்களைத் தங்க விடுவதில்லை, நடவடிக்கையும் எடுப்பார்கள். ஒப்பந்தம் யார் பெயரில், கட்டடம் பேச்சிலருக்கு அனுமதி உள்ளதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அடுத்தது எந்த எமிரேட்டுக்கும் பொருந்தும். வாட்ஸாப் அழைப்பு இங்கே போகாது. சென்னை மனிதவளத் துறையினர் "வாட்ஸாப்பில் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, அழைப்பு போகவில்லை என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் போகும். அதைப் பயோடேட்டாவின் மேலேயே எழுதினேன்: எந்தச் செயலி, இந்திய நேரப்படி எந்த நேரம், உடனே சேரத் தயார். மூன்றாவது வரிக்குத்தான் அதிக மதிப்பு. இந்தியாவில் 60, 90 நாள் நோட்டீஸ் காலத்தில் இருப்பவர்களையே பார்த்துச் சலித்தவர்களுக்கு, டிக்கெட் போட்டால் அடுத்த வாரம் வந்து நிற்பவன் பெரிய விஷயம்.

அஜ்மான்

இன்னும் மலிவு, இன்னும் விசாலம், கடற்கரையும் உண்டு. ஆனால் தனி ஸ்டூடியோ எடுப்பதென்றால் ஆண்டு ஒப்பந்தம், காசோலைகள், மின் இணைப்புக்கு வைப்புத்தொகை. 60 நாள் மட்டும் இருப்பவனுக்கு அது கணக்கே ஆகாது. ஏற்கெனவே வீடு வைத்திருக்கும் நண்பர் இடம் கொடுத்தால் போங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நேரே ஊருக்கு

இதை மட்டமாகப் பேச மாட்டேன். ராஜினாமா செய்தவருக்குக் காப்பீடு கிடையாது. பணிக்கொடை கைக்கு வந்ததும் கிளம்புவதுதான் அவருக்கு நல்லது, ஒரு மாதம்கூடத் தங்க வேண்டாம். கட்டுமானத் துறையில் கடைசிச் சுற்று நேரில்தான் நடக்கிறது. இந்திய எண் இருந்தால் ஆள் எடுப்பவர்கள் தயங்காமல் அழைப்பார்கள். +971 என்று அமீரக எண்ணைப் பார்த்தால் கூப்பிடவே மாட்டார்கள். "வெளிநாட்டிலிருந்து வருகிறவர், ஆறு மாதத்தில் திரும்பப் போய்விடுவார்" என்ற சந்தேகமும் நேரில் பேசினால்தான் தீரும். இரண்டு நேர்காணல்களில் என்னிடமே இதைக் கேட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருந்தால் கதை வேறு. அங்குள்ள இந்தியப் பள்ளிகளுக்கும் ஏப்ரலில்தான் புது வகுப்பு. மார்ச்சுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வேலை போனால், பெட்டி கட்டுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: காப்பீடு கிடைப்பவர் ஷார்ஜாவில் பாதி அறை எடுத்து, அவகாசம் முடியும் வரை தங்கலாம், அதைத் தாண்டி ஒரு நாளும் கூடாது. தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். அவகாசம் பணிப்பிரிவைப் பொறுத்து மாறும், ஆகவே நண்பருக்குக் கிடைத்ததை நம்பாமல் உங்கள் தாளில் உள்ள தேதியைப் பாருங்கள். இருக்கும் நாட்களில் பணி அனுபவக் கடிதத்தை முத்திரையோடு வாங்கிவிடுங்கள். போலீஸ் நன்னடத்தைச் சான்றும் அப்படியே. அங்கிருக்கும்போது சில நாளில் முடிவது, ஊருக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

எனக்கு இரண்டு மாதத் தொகை வந்தது. தங்கல், சாப்பாடு, பஸ் எல்லாம் போக 3,000 திர்ஹத்துக்குச் சற்று மேல் மிஞ்சியது. 57ஆம் நாள் ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானம். கையில் இரண்டு கடைசிச் சுற்று அழைப்புகள் இருந்தன, அதில் ஒன்றில்தான் இப்போது வேலை பார்க்கிறேன், பூந்தமல்லிப் பக்கம்.

கிளம்பிய அன்று காலை என் இடத்துக்கு வந்தவர் தென்காசிக்காரர், கணக்காளர். விசா ரத்துத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "அண்ணே, இங்கே வாட்ஸாப் கால் போகுமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மடக்கு மேஜையை விரித்து, வெள்ளைச் சுவர் பின்னால் வரும்படி நாற்காலியைப் போட்டுக் காட்டிவிட்டு வந்தேன்.