கூகுள் சர்ச் கன்சோலா, பிங்கா, ஸ்க்ரீமிங் ஃப்ராகா? தமிழ்த் தளத்தை எடைபோட உதவும் இலவசக் கருவிகள்

உங்கள் பக்கத்தைக் கூகுள் தேடலில் எத்தனை பேருக்குக் காட்டினார்கள், அவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கு கூகுளிடம் மட்டும்தான் இருக்கிறது. தள உரிமையாளர் கேட்டால் அதைக் காசு வாங்காமல் கொடுக்கவும் செய்கிறார்கள். அப்படியிருந்தும், முகவரியைத் தட்டினால் வட்டத்துக்குள் 'எஸ்இஓ மதிப்பெண் 72' என்று (எஸ்இஓ என்றால் தேடலில் மேலே தெரிவதற்காகத் தளத்தைச் சீராக்கும் வேலை) காட்டும் தளங்களை நம்பி இரவெல்லாம் தலைப்புகளைத் திருத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த 72 கூகுள் போட்ட மதிப்பெண் இல்லை. அந்தத் தளத்தை நடத்துகிறவர்கள் தாங்களே வகுத்த பட்டியலில் எத்தனை தேறியது என்பதற்கான எண், அவ்வளவுதான். தலைப்பு இருக்கிறதா, படத்துக்கு அதை விவரிக்கும் மாற்றுரை இருக்கிறதா என்று பார்க்கும். உள்ளே எழுதியிருப்பது யாருக்காவது உதவுமா என்று அதற்குத் தெரியாது.

எனவே இந்த அலசலில் மதிப்பெண் தளங்களைச் சேர்க்கவில்லை. கூகுள் சர்ச் கன்சோல், பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ், பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ், ஸ்க்ரீமிங் ஃப்ராக், ஏரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸ் ஆகிய ஐந்தையும் ஒரு சிறிய தமிழ்த் தளத்தின் தேவையிலிருந்து பார்க்கிறேன். உதாரணத்துக்கு ஒரு சமையல் தளத்தை வைத்துக்கொள்வோம்.

சர்ச் கன்சோல்: உண்மையான கணக்கு இங்கேதான்

முதலில் சொன்ன அந்தக் கணக்கைக் கூகுள் தள உரிமையாளருக்குக் காட்டும் கருவி இதுதான். இப்போதைய வடிவம் 2018-ல் வந்தது. அதற்கு முன் 90 நாள் தரவுதான் கிடைக்கும். இப்போது 16 மாதம். போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது என்பதால், பண்டிகையை ஒட்டி ஏறி இறங்கும் தளங்களுக்கு இது பெரிய உதவி. அதிரசம், முறுக்குப் பக்கங்களை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

நான் முதலில் திறப்பது பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் 'பேஜஸ்' பட்டியல். ஒரு பக்கத்தைச் சொடுக்கிவிட்டு 'குவரீஸ்' பகுதிக்குப் போனால், அந்த ஒரு பக்கத்துக்கு என்ன தேடி வந்தார்கள் என்று தெரியும். சமையல் தளத்தின் சாம்பார் பொடிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'சாம்பார் பொடி 1 கிலோ அளவு' என்ற தேடலுக்கு இம்ப்ரெஷன் (தேடலில் காட்டப்பட்ட தடவை) 1,000, கிளிக் 10, சராசரி இடம் (முடிவுகளில் எத்தனையாவது) 7 என்று இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், ஆனால் நூற்றில் ஒருவர்தான் உள்ளே வருகிறார். தலைப்பைப் பார்த்தால் 'பாட்டி கைமணத்தில் சாம்பார் பொடி' என்று இருக்கிறது. தேடியவருக்கு வேண்டியது மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்ற அளவு. அதைத் தலைப்பிலும் பக்கத்தின் மேற்பகுதியிலும் கொண்டுவந்தால் போதும். இப்படி ஒரு வரி, நான் சொல்லும் மற்ற நான்கு கருவிகளில் எதிலும் கூகுளின் சொந்தக் கணக்காகக் கிடைக்காது.

தமிழுக்கு இன்னொரு லாபமும் உண்டு. நம் ஆட்கள் ஒரே விஷயத்தைத் தமிழ் எழுத்திலும் தேடுகிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் தேடுகிறார்கள், முழு ஆங்கிலத்திலும் தேடுகிறார்கள். சர்ச் கன்சோல் அவர்கள் தட்டியதைத் தட்டியபடியே காட்டுகிறது. உங்கள் வாசகர்களில் பெரும்பகுதி எந்த வழியில் வருகிறார்கள் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. 'சராசரி இடம்' அதில் முதன்மையானது. இதுவரை 5-ஆம் இடத்தில் மட்டும் தெரிந்த பக்கம், புதிதாக வேறொரு தேடலுக்கு 60-ஆம் இடத்தில் தலைகாட்ட ஆரம்பித்தால் சராசரி சரியும். உண்மையில் எதுவும் கெடவில்லை. பக்கம் கூடுதல் தேடல்களுக்குள் நுழைந்திருக்கிறது. ஆகவே முழுத் தளத்தின் சராசரி இடத்தை நான் பார்ப்பதே இல்லை, ஒரு தேடலுக்கு ஒரு பக்கம் என்று பிரித்த பிறகுதான் பார்ப்பேன். இதேபோல் 2025 செப்டம்பரில், ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை வரவழைக்கும் வழியைக் கூகுள் அடைத்தது. அதன்பின் பல தளங்களில் இம்ப்ரெஷன் கோடு சரிந்தது, சராசரி இடம் மேலேறியது. இடத்தைச் சோதிக்கும் தானியங்கி நிரல்கள் அதுவரை இம்ப்ரெஷனை ஊதிப் பெருக்கி வைத்திருந்தன என்பதுதான் பரவலான விளக்கம். அந்த மாதத்தைத் தாண்டி ஒப்பிடும்போது கிளிக்கை மட்டும் நம்புங்கள்.

மிகச் சிலர் மட்டுமே தட்டிய தேடல்களைத் தனியுரிமை கருதிக் காட்டமாட்டார்கள். எனவே பட்டியலில் உள்ள கிளிக்குகளைக் கூட்டினால் மேலே இருக்கும் மொத்தத்தைவிடக் குறைவாக வரும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் என்பதால் தமிழ்த் தளங்களில் இந்த இடைவெளி நன்றாகவே தெரியும். பயப்பட ஒன்றுமில்லை.

எந்தப் பக்கங்கள் கூகுளின் தேடல் கிடங்கில் (இன்டெக்ஸ்) சேர்ந்தன என்று சொல்லும் இன்டெக்ஸ் அறிக்கையில் இரண்டு நிலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'டிஸ்கவர்டு' என்று இருந்து இன்டெக்ஸ் ஆகவில்லை என்றால், முகவரி தெரியும், கூகுள் இன்னும் வந்து பார்க்கவில்லை. 'க்ரால்டு' என்று இருந்து இன்டெக்ஸ் ஆகவில்லை என்றால், வந்து படித்துவிட்டு இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். முதலாவதற்கு உள் இணைப்புகளையும் சைட்மேப்பையும் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) கவனியுங்கள். இரண்டாவதற்குப் பக்கத்தின் உள்ளடக்கத்தையே கவனிக்க வேண்டும். 'ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங்' பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் பயனில்லை.

பிங்: கூட்டம் குறைவு, தகவல் அதிகம்

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கில் இந்தியாவில் தேடுகிறவர்கள் சிலர்தான். ஆனாலும் டக்டக்கோ, யாகூ போன்ற தேடுபொறிகள் பெருமளவு பிங்கின் முடிவுகளைச் சார்ந்தவை, மைக்ரோசாஃப்ட் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரும் அப்படியே. தவிர, சர்ச் கன்சோலில் உள்ள தளத்தை பிங் வெப்மாஸ்டர் டூல்ஸுக்குள் அப்படியே இறக்குமதி செய்யலாம் என்பதால் இதற்குத் தனியாக உழைக்க வேண்டியதில்லை.

கூகுள் தராத இரண்டை பிங் தருகிறது. ஒன்று, போட்டித் தளங்களுக்கு யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை உங்கள் தளத்தோடு வைத்துக் காட்டும் பேக்லிங்க் ஒப்பீடு. இரண்டு, சைட் ஸ்கேன்: தளத்தை நடந்து பார்த்து உடைந்த இணைப்பு, இல்லாத விளக்கம் போன்றவற்றைச் சொல்லும். 2021-ல் மைக்ரோசாஃப்டும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் கொண்டுவந்த இன்டெக்ஸ்நவ் முறையும் இருக்கிறது. பக்கத்தை மாற்றியதும் தளமே தேடுபொறிக்குத் தகவல் அனுப்பிவிடும். கூகுள் அதில் சேரவில்லை. மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க பிங் போதும். முடிவெடுக்க சர்ச் கன்சோல்தான்.

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்: இரண்டு பாதிகள், இரண்டு அர்த்தங்கள்

பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்க்கும் கருவி இது, முடிவு இரண்டு பாதிகளாக வரும். மேல் பாதி, உங்கள் பக்கத்துக்கு வந்த உண்மையான குரோம் பயனர்களின் கடந்த 28 நாள் அனுபவம். கீழ்ப் பாதி, லைட்ஹவுஸ் என்ற நிரல் ஒரு நடுத்தர ஃபோனும் மெதுவான 4ஜி இணைப்பும் இருப்பதாகப் பாவித்து அந்த நொடியில் செய்த சோதனை. பலர் கீழே உள்ள வண்ண வட்டத்துக்காகத்தான் கவலைப்படுகிறார்கள். தேடலில் கூகுள் எடுத்துக்கொள்வது மேலே உள்ள உண்மைத் தரவை. முக்கால்வாசி வருகைகளில் பெரிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும், பக்கம் குலுங்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. தொடுதலுக்கான அளவுகோல் 2024 மார்ச்சில்தான் பழையதை மாற்றி வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளை ஒதுக்கிவிடுங்கள்.

சிறிய தளங்களுக்கு மேல் பாதி காலியாகவே இருக்கும், போதிய வருகை இல்லை என்று சொல்லிவிடும். அப்போது கீழ்ப் பாதியை நோய் கண்டறியப் பயன்படுத்தலாம். தமிழ்த் தளங்களில் நான் அடிக்கடி பார்ப்பது எழுத்துருச் சிக்கல். முதலில் ஃபோனில் உள்ள எழுத்துருவில் பக்கம் விரியும், பிறகு அழகுக்காகச் சேர்த்த தமிழ் எழுத்துரு இறங்கி வரும், அகலம் மாறி வரிகள் மடங்கிப் படித்துக்கொண்டிருந்த பத்தி கீழே நகரும். இரண்டு மூன்று தடிமன்களை ஏற்றியிருந்தால் ஒன்றாகக் குறையுங்கள்.

இதிலேயே எஸ்இஓ என்றும் ஒரு மதிப்பெண் வரும். அதில் 100 வாங்கிவிட்டு ஒரு தேடலிலும் தெரியாத தளங்கள் ஏராளம். பக்கங்களைப் படிக்க வரும் தேடுபொறி நிரல்களுக்குக் கதவு திறந்திருக்கிறதா என்ற அடிப்படைச் சோதனைதான் அது.

ஸ்க்ரீமிங் ஃப்ராகும் ஏரெஃப்ஸும்: நேரடிப் போட்டி

இரண்டும் தளத்தின் ஒவ்வொரு இணைப்பாகப் பின்தொடர்ந்து குறைகளைத் தொகுப்பவை. ஸ்க்ரீமிங் ஃப்ராக் கணினியில் நிறுவும் மென்பொருள், இலவசப் பதிப்பில் 500 முகவரிகள் வரை. 500 பக்கங்கள் என்று நினைத்துவிடாதீர்கள்: படங்களும் ஸ்கிரிப்ட் கோப்புகளும் அந்தக் கணக்கில் சேரும். பக்கத்துக்குப் பத்துப் படம் போடும் சமையல் தளத்தில் 500 சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்படித் தளத்தை நடந்து பார்த்துத் தொகுத்ததை (க்ரால்) சேமித்து வைக்கவும் இலவசத்தில் வழியில்லை. ஏரெஃப்ஸின் இலவசத் திட்டம் இணையத்திலேயே ஓடும், உங்களுடையது என்று நிரூபித்த தளங்களுக்கு மட்டும், மாதம் 5,000 பக்கங்கள் வரை. குறித்த நாளில் தானே ஓடி மின்னஞ்சல் அனுப்பும். உங்களுக்கு வந்த பேக்லிங்குகளையும் காட்டும்.

அளவை வைத்துப் பார்த்தால் ஏரெஃப்ஸ் முந்துகிறது. ஆனால் என் கை முதலில் போவது ஸ்க்ரீமிங் ஃப்ராகுக்குத்தான். தளம் யாருடையதாக இருந்தாலும் உடனே ஓட்டலாம், முகவரிகளை அட்டவணையாக அப்படியே முன்னால் வைக்கும், மதிப்பெண் போட்டு மிரட்டாது. ஏரெஃப்ஸ் காட்டும் 'மாத வருகை' மதிப்பீட்டைத் தமிழ்த் தளங்களுக்கு எடுத்துக்கொள்ளவே வேண்டாம் என்பேன். அவர்களுடைய தேடல்சொல் கிடங்கில் இருப்பதை வைத்துப் போடும் ஊகம் அது. தமிழில் அது சர்ச் கன்சோலின் கிளிக்கோடு ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

இரண்டிலும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது நீள எச்சரிக்கைகள். 'தமிழ்நாடு' நமக்கு ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது ஒன்பது. தலைப்பு 60 குறிகளைத் தாண்டிவிட்டது என்று ஸ்க்ரீமிங் ஃப்ராக் சொன்னால், உண்மையில் முப்பத்தைந்து எழுத்துகூட இல்லாமல் இருக்கலாம். தேடல் முடிவில் தலைப்பு வெட்டுப்படுகிறதா என்று ஃபோனில் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதே காரணத்தால், தளம் நடத்தப் பயன்படும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் வரும் ஒரு கோளாறு உண்மையானது, இத்தகைய க்ரால் கருவியில்தான் பளிச்சென்று தெரியும். முகவரியின் கடைசிப் பகுதிக்கு அது 200 இடம்தான் வைத்திருக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது இடம் பிடிக்கும் என்பதால் 22 குறிகளோடு கதை முடிந்தது. 'வீட்டிலேயே சாம்பார் பொடி அரைப்பது எப்படி' என்ற பதிவின் முகவரி 'வீட்டிலேயே-சாம்பார்-பொடி' என்று நின்றுவிடும். பிறகு 'வீட்டிலேயே சாம்பார் பொடி கெடாமல் வைப்பது எப்படி' என்று எழுதினால், ஒரே முகவரி இரண்டுக்கும் கூடாதென்று கடைசிக் குறி அறுந்து 'பொட-2' என்று போய் முடியும். ஸ்க்ரீமிங் ஃப்ராகின் முகவரிப் பட்டியலில் '-2', '-3' என்று முடிபவற்றைத் தேடுங்கள், கொத்தாகக் கிடைக்கும். இனி எழுதுவதற்குக் குறுகிய முகவரியை நீங்களே தட்டிக் கொடுங்கள். ஏற்கெனவே நல்ல கிளிக் வாங்கும் பக்கங்களின் முகவரியை மட்டும் தொடாதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போடாமல் மாற்றாதீர்கள்.

எதையும் தொடங்கும் முன்

சர்ச் கன்சோல் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். தளம் வடிவமைத்தவரின் மின்னஞ்சலில் தொடங்கிவிட்டு, அவரோடு தொடர்பு அறுந்ததும் தவிக்கும் கடைக்காரர்கள் நம் ஊரில் நிறைய. உரிமையாளர் உங்கள் மின்னஞ்சலாக இருக்கட்டும். வடிவமைப்பாளரைப் பயனராக மட்டும் சேர்க்கலாம், வேண்டாதபோது நீக்கலாம். தளத்தைச் சேர்க்கும்போது 'டொமைன்' (தளப் பெயர்) வகையைத் தேர்ந்தெடுத்து, டொமைன் வாங்கிய இடத்தில் அந்தப் பெயருக்கான டிஎன்எஸ் அமைப்புகளில் பதிவு ஒன்றைப் போட்டு, தளம் உங்களுடையது என்று நிரூபியுங்கள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டது, போடாதது என்று தரவு இரண்டாகப் பிரியாது, தளத்தின் தோற்றத்தை மாற்றினாலும் நிரூபணம் அழியாது. சேர்த்த நாளிலிருந்துதான் கணக்கு சேரத் தொடங்கும் என்பதால், அறிக்கைகளைப் படிக்க இப்போது நேரமில்லை என்றாலும் இன்றே சேர்த்துவிடுங்கள்.