கம்பத்து உச்சியில் மூன்று வருடம்: என் காற்றுமானி அனுபவம்

காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் காற்றுமானியை மாடியில் மாட்டி நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு மழை இரவு. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்கின்றன, மாடியில் எதுவோ உருளும் சத்தம். திரையில் காற்றின் வேகம் மணிக்கு 44, 46, 47 கி.மீ. என்று ஏறிப் போய், சட்டென்று 26-க்கு விழுந்தது. வெளியே ஊளை கூடிக்கொண்டே இருக்கிறது. எண் மட்டும் 26-க்கும் 30-க்கும் நடுவிலேயே கிடக்கிறது. காற்றில் சுற்றும் கிண்ணம் உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். காலையில் ஏறிப் பார்த்தால் மூன்று கிண்ணமும் முழுசாக, இளங்காற்றில் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தன. காரணம் பிடிபட இரண்டு வாரம் ஆனது. கீழே வருகிறது.

முதலில் சாதனம். என்னிடம் இருப்பது மிகச் சாதாரண வகை. வேகத்துக்கு மூன்று கிண்ணம், திசைக்கு வால் வைத்த ஒரு காட்டி. கிண்ணத்தின் அச்சில் ஒரு காந்தம். அது கடக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் ரீட் சுவிட்ச் ஒருமுறை மூடித் திறக்கும். அதுதான் ஒரு துடிப்பு. விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் மணிக்கு 2.4 கி.மீ. காற்று. திசைக்காட்டிக்குள் எட்டு ரீட் சுவிட்சுகள், ஒவ்வொன்றோடும் வெவ்வேறு அளவில் ஒரு மின்தடை. அந்த அளவை வைத்துத்தான் திசை தெரியும். காந்தம் இரண்டு சுவிட்சுக்கு நடுவில் நின்றால் இரண்டும் சேர்ந்து மூடும். அதனால் எட்டு சுவிட்சில் பதினாறு திசை கிடைக்கும், 22.5 பாகைக்கு ஒன்று. ஒரு சிறிய மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் ஏற்றிய சின்னக் கணினிச் சில்லு) இதையெல்லாம் எண்ணிப் பதிவு செய்கிறது.

வாங்கும்போது எல்லோரும் துல்லியம் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். மூன்று வருடம் கழித்துச் சொல்கிறேன்: அட்டையில் போட்டிருக்கும் அந்தச் சில சதவீதத்தைவிட, எங்கே மாட்டுகிறோம் என்பது பல மடங்கு பெரிய விஷயம். உலக வானிலை அமைப்பின் நெறிப்படி, திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். பக்கத்தில் தடை ஏதும் இருந்தால், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். வீட்டு மாடியில் இது நடக்காத காரியம். என் தண்ணீர்த் தொட்டி 2 மீட்டர் உயரம். அதற்கே 20 மீட்டர் விலக வேண்டும். மாடியே அவ்வளவு நீளம் கிடையாது.

முதல் தடவை கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 2 மீட்டர் குழாயில் மாட்டினேன். ஒரு மாதப் பதிவைத் திசைவாரியாக வரைந்து பார்த்தபோது மேற்கில் ஓர் ஆப்புத் துண்டை யாரோ வெட்டி எடுத்ததுபோல் இருந்தது. மேற்குக் காற்றே வீசவில்லையா? வீசியது. தொட்டிக்குப் பின்னால் சுழன்று, வடமேற்காகவும் தென்மேற்காகவும் பிரிந்து வந்து சேர்ந்திருக்கிறது.

பிறகு செய்த சோதனையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நீளமான கழியில் அரை மீட்டருக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் நாடாத் துண்டுகளைக் கட்டி, காற்றடிக்கும் நாளில் மாடியில் நிமிர்த்திப் பிடித்தேன். கீழே இருந்த நாடாக்கள் மேலும் கீழும் அலைந்து, சில நேரம் காற்று வரும் பக்கமே திரும்பிப் பறந்தன. மூன்று மீட்டருக்கு மேல் இருந்தவை மட்டும் ஒரே பக்கமாகக் கிடையாக நின்றன. மாடிச் சுவரில் மோதி எகிறும் காற்று எதுவரை குழப்பம் செய்கிறது என்பதை அந்தக் கழி ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டது. ஜி.ஐ. பைப்பில் 4.5 மீட்டருக்கு ஏற்றி, மூன்று பக்கம் இழுவைக் கம்பி கட்டினேன். மேற்கில் இருந்த ஓட்டை அடுத்த மாதமே அடைந்தது.

கம்பம் செங்குத்தாக நிற்பதும் முக்கியம். ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் மெல்லிய காற்றில் திசைக்காட்டி தன் பாரத்தால் ஒரே பக்கம் போய் நின்றுவிடும். இடிதாங்கி வேலையைக் கம்பம் தானாக ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதற்கு முறையாக எர்த் கொடுத்தே ஆக வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும் வைத்தேன்.

வடக்கு பிடிப்பதில் எனக்கு நேர்ந்தது பலருக்கும் நேரும். போனில் இருக்கும் காம்பஸைக் கம்பத்தருகே பிடித்து வடக்கைக் குறித்தேன். இரும்புக் குழாய் அதை இருபது பாகைக்கு மேல் இழுத்திருந்தது. இது போக, காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. இடத்துக்கு இடம் வேறுபாடு மாறும். கடைசியில் காந்தத்தையே விட்டுவிட்டேன். செயற்கைக்கோள் வரைபடத்தில் என் மாடியையும், தொலைவில் கண்ணுக்குத் தெரியும் ஒரு கோபுரத்தையும் கோடிட்டு இணைத்து அதன் பாகையை எடுத்தேன். ஒருவர் திசைக்காட்டியின் முனையைக் கோபுரத்துக்கு நேராகப் பிடிக்க, கீழே நான் திரையில் வந்த எண்ணைப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. சூரியன் உச்சிக்கு வரும்போது தூக்குக்குண்டு நூலின் மிகக் குட்டையான நிழலும் உண்மையான வடக்கு-தெற்குக் கோட்டைக் காட்டும். ஆனால் நிழல் காலடியில் சுருங்கும் நாட்களில் கோடு தெளிவாக வராது.

இங்கே இன்னொரு குழப்பமும் வரும். முனை காட்டுவது காற்று போகும் திசையையா, வரும் திசையையா? வரும் திசையைத்தான். தமிழில் யோசித்தால் இதில் சந்தேகமே வராது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கென்றால் கொண்டல், மேற்கென்றால் கோடை. நம் மொழி காற்றுக்கு அது புறப்பட்ட இடத்தை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறது. என் திரையிலும் பாகைக்குப் பக்கத்தில் இந்த நாலு பெயர்களைத்தான் போட்டிருக்கிறேன்.

இப்போது அந்த மழை இரவுக்கு வருகிறேன். ரீட் சுவிட்ச் மூடும்போது உள்ளே இருக்கும் மெல்லிய தகடு ஒரே அடியில் நிற்காது, இரண்டு மூன்று முறை துள்ளும். அந்தத் துள்ளலையும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு துடிப்பை எண்ணியதும் அடுத்த 50 மில்லிவிநாடிக்கு எதையும் கண்டுகொள்ளாதே என்று நிரலில் எழுதியிருந்தேன். 50 மில்லிவிநாடி என்றால் விநாடிக்கு 20 துடிப்புதான் உச்சம். 20 துடிப்பு என்றால் 48 கி.மீ. காற்று அதைத் தாண்டியதும் அடுத்த துடிப்பு 50-க்குள்ளேயே வந்துவிடுகிறது, அது விடுபடுகிறது. அதாவது ஒன்றுவிட்டு ஒன்றுதான் கணக்கில் சேர்கிறது. 60 கி.மீ. காற்று 30 ஆகப் பதிவாகும். காற்று ஏறியதும் எண் பாதியாக விழுந்த மர்மம் இவ்வளவுதான். 10 மில்லிவிநாடியாகக் குறைத்தேன். அதன் பிறகு அந்த விழுகை வரவே இல்லை. உங்கள் பதிவில் எந்தப் புயலும் ஒரே எண்ணைத் தாண்டவில்லை என்றால் சென்சாரைக் கழற்றும் முன் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

நிரலில் இன்னொரு பொறி, திசையின் சராசரி. 350 பாகையும் 10 பாகையும் சேர்ந்தால் சராசரி வடக்கு. கூட்டி இரண்டால் வகுத்தால் 180, நேர் தெற்கு! ஒவ்வொரு அளவின் சைன், கோசைன் மதிப்புகளைத் தனித்தனியே கூட்டி, கடைசியில் கோணத்துக்குத் திரும்ப வேண்டும். வேகத்துக்கு 10 நிமிடச் சராசரியும், வீச்சுக்கு (சட்டென்று எழுந்து அடங்கும் வேகமான காற்று) 3 விநாடிச் சராசரியின் உச்சமும் வைத்திருக்கிறேன். வானிலை நிலையங்களின் முறையும் அதுதான் என்பதால் ஒப்பிட முடிகிறது.

ஒப்பிடும்போது என் எண் எப்போதும் குறைவாகவே இருந்தது. அதில் ஒரு பங்கு உயரத்தால் வருவது. தரையை ஒட்டிய காற்று உராய்ந்து தளர்ந்துதான் ஓடும். திறந்த புல்வெளியில் 10 மீட்டரில் அளந்த வேகத்தை 2 மீட்டருக்குக் கொண்டுவர, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998-ல் வெளியிட்ட 56-ஆம் எண் பாசன ஏடு ஏறக்குறைய 0.75-ஆல் பெருக்கச் சொல்கிறது. இந்தக் கணக்கை மாடிக்கு அப்படியே போடக் கூடாது. சுற்றிலும் சுவரும் மரமும் இருக்கும் இடத்தில் அந்தச் சூத்திரம் நிற்காது. என் எண்ணை என் கம்பத்தின் எண்ணாகவே வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் பராமரிப்பு வருடம். 'காற்றில்லை' என்று பதிவாகும் மணிநேரம் மாதாமாதம் கூடியது. சந்தேகம் வந்தது எதனால் என்றால், வேகம் பூஜ்யமாக இருக்கும் அதே நிமிடங்களில் திசைக்காட்டி அசைந்துகொண்டிருந்தது. காற்றில்லாமல் அது எப்படி அசையும்? ஏறிப் போய்க் காதை வைத்தேன். மெல்லிய கிறீச் சத்தம். கிண்ணத்தை இறக்கி மூடிய அறையில் விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். ஒன்பது விநாடியில் நின்றுவிட்டது. புதிதாக வந்தபோது அதே சுண்டலுக்கு 40 விநாடிக்கு மேல் சுற்றியதைக் குறித்து வைத்திருந்தேன். பேரிங்கில் தூசி. எண்ணெய் விட்டேன், மூன்று வாரம் பிரமாதமாக ஓடியது. பிறகு எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகி முன்னைவிட மோசம். பேரிங்கையே மாற்றியதுதான் தீர்வு. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சுண்டல் சோதனையைச் செய்கிறேன்.

அதே சமயம் கிண்ணமும் வெயிலில் வெளிறி நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தது. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த வேறொரு செட்டைப் போட்டேன். உதிரிக்கு வைத்திருந்த சென்சாரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 12 சதவீதம் குறைவாகக் காட்டியது. 1846-ல் கிண்ணக் காற்றுமானியை உருவாக்கிய அயர்லாந்துக்காரர் தாமஸ் ராம்னி ராபின்சன், கிண்ணம் எந்த அளவில் இருந்தாலும் காற்றின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும் என்று நம்பினார். கிண்ணத்தின் அளவையும் கையின் நீளத்தையும் பொறுத்து அது மாறும் என்பது பிறகுதான் தெரிந்தது. கிண்ணம் மாறினால் 2.4 என்ற எண்ணும் மாற வேண்டும். அந்தந்த சென்சாருக்கு உரிய கிண்ணத்தையே தேடி வாங்குங்கள்.

மழைக்காலத்தில் இணைப்பியில் பச்சை பூத்தது. அதன் விளைவு விசித்திரமாக இருந்தது: கிழக்கு-வடகிழக்குக் காற்று அடியோடு மறைந்து, எல்லாம் கிழக்காகவே வந்தது. என் திசைக்காட்டியில் கிழக்குக்கு 1,000 ஓம், கிழக்கு-வடகிழக்குக்கு 891 ஓம். அரித்த முனை நூறு ஓம் கூடுதலாகச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். முனைகளை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தேன். கேபிளை நுழைவாய்க்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினேன். தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடுகிறது.

பறவைகளையும் சொல்லியாக வேண்டும். 15 கி.மீ. காற்றில் திசை முக்கால் மணி நேரம் ஒரு பாகைகூட நகராமல் இருந்தால், வாலில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். குறுக்குக் கையில் கேபிள் டைகளின் வாலை வெட்டாமல் மேல்நோக்கி விட்டதில் வருகை குறைந்தது. சிலந்திகளுக்கு மருந்தே இல்லை. கிண்ணத்துக்கும் உடலுக்கும் நடுவே ஒரே ஒரு நூல் போதும், காலை நேர மெல்லிய காற்று பதிவாகாது. மாதம் ஒருமுறை தூரிகை.

மூன்றாம் வருடம் ஆறு வாரத்துக்கு ஒரு மீயொலி சென்சார் இரவல் கிடைத்தது. அதில் சுற்றுவது எதுவும் இல்லை. இரண்டு முனைகளுக்கு இடையே ஒலி போகவும் திரும்பவும் ஆகும் நேரத்தை அளக்கிறது; காற்றோடு போனால் சீக்கிரம், எதிர்த்துப் போனால் தாமதம். ஒன்றை அந்த இரண்டு நேரங்களாலும் தனித்தனியே வகுத்து, வந்த எண்களைக் கழித்தால் ஒலியின் வேகமே கணக்கிலிருந்து விலகிவிடும். வெப்பநிலை பற்றிய கவலை இல்லை. என் கிண்ணம் அசையாத மெல்லிய காற்றையெல்லாம் அது அருமையாகக் காட்டியது. பலத்த மழையில் முனைகளில் துளி நின்றபோது மட்டும் நம்ப முடியாத எண்களைத் துப்பியது. கொந்தளிப்பான காற்றில் என் கிண்ணம் சற்றுக் கூடுதலாகக் காட்டியதும் அப்போதுதான் தெரிந்தது. கிண்ணம் வீச்சு வந்ததும் வேகமெடுக்கும், வீச்சு போனால் அவ்வளவு சீக்கிரம் தளராது. ஏறிக் கழற்ற முடியாத இடம் என்றால் மீயொலி வாங்குவேன். கைக்கு எட்டும் கம்பம் என்றால் கிண்ணமே போதும்.

இதனால் ஆன பயன்? மாடியில் சிறிய காற்றாலை வைக்கும் ஆசை இருந்தது. ஒரு வருடச் சராசரி விநாடிக்கு 2.6 மீட்டர். காற்றின் ஆற்றல் வேகத்தின் கனத்தைப் (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. ஆனால் சராசரியின் கனம் வேறு, கனங்களின் சராசரி வேறு. பதிவை வைத்து முறையாகக் கூட்டியபோது சதுர மீட்டருக்குச் சுமார் 20 வாட் வந்தது. பெட்ஸ் எல்லைப்படி அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த ஆலையாலும் எடுக்க முடியாது. 12 வாட்! அந்தத் திட்டத்தை அன்றே மூடினேன்.

பயனுக்கு அப்பால் எனக்குப் பிடித்தது, இடிமழை வருவதற்கு முன்பான அந்தப் பத்து நிமிடம். போன மாதப் பதிவு ஒன்று: கொண்டல் 4 கி.மீ., 3 கி.மீ., பிறகு முழு அமைதி. திசைக்காட்டி ஒருமுறை தடுமாறி நேர் எதிரே மேற்குக்குத் திரும்புகிறது. அடுத்த இரண்டு நிமிடத்தில் 39 கி.மீ. வீச்சு. பதினோராவது நிமிடம் முதல் துளி. மழை மேகத்திலிருந்து கீழே இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவி, மழையை முந்திக்கொண்டு வருகிறது. அந்த வளைவு திரையில் எழும்போது கொடியில் இருக்கும் துணியை எடுக்க ஓடிவிடுவேன். துணியோடு திரும்பும்போது திசைக்காட்டி மேற்கைப் பார்த்து விறைத்து நிற்கும்.