அலாரமா, அன்றாட வேலையா: சிறு பழக்கத்தை எதில் கோப்பது?

காலையில் கழுத்தையும் தோளையும் இரண்டு நிமிடம் அசைத்து நீட்டுவது, மதியத்துக்குள் இரண்டு குவளை தண்ணீர் குடிப்பது, உறங்கப்போகும் முன் கைப்பேசியை எட்ட வைப்பது ஆகியவற்றில் எதுவும் கடினமான வேலை இல்லை. ஆனாலும் ஆர்வத்தோடு தொடங்கியவர்களில் பலர் சில வாரங்களிலேயே இவற்றை விட்டுவிடுகிறார்கள். சோம்பலைக் குறை சொல்வது வழக்கம் என்றாலும், என் அனுபவத்தில் மறதிதான் பெரிய காரணம். ஆகவே, தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்தச் செயலை எது நினைவுபடுத்தப் போகிறது என்பதையே. இதற்கு இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன: நேரம் குறித்து அலாரம் வைப்பது ஒன்று; நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு வேலையின் பின்னால் புதியதைக் கோத்துவிடுவது மற்றொன்று.

அலாரத்தை ஒரு நிமிடத்தில் அமைத்துவிடலாம். குறித்த இடைவெளியில் உட்கொள்ள வேண்டிய மருந்தைப் போல, நேரமே முக்கியமான செயல்களுக்கு அதற்கு நிகரில்லை. அதன் குறை, நாம் அந்த வேளையில் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது என்பதே. கண்களுக்கு ஓய்வு கொடுப்பதற்காக மாலை நான்கு மணிக்கு ஓர் அலாரம் வைத்திருந்தேன். பேச்சின் நடுவிலோ எழுத்தின் நடுவிலோ அது ஒலிக்கும். ‘இதோ, இதை முடித்துவிட்டு’ என்று அணைத்துவிடுவேன். சில வாரங்களில் திரையைப் பார்க்காமலேயே அலாரத்தை அணைக்க என் விரல் பழகிவிட்டது. பழக்கம் ஒன்று உருவானது உண்மைதான். நான் கேட்ட பழக்கம் அதுவல்ல.

வேலையோடு கோக்கும் வழியில் இந்தச் சிக்கல் குறைவு. பல் துலக்கி முடித்தவர் ஏற்கெனவே எழுந்து நிற்கிறார், கையில் வேறு வேலை இல்லை, இடமும் நாள்தோறும் அதே இடம். ஆனால் எந்தப் பக்கம் கோக்கிறோம் என்பதில் கவனம் தேவை. பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யும் பழக்கத்தைப் பற்றி 2013-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஏறத்தாழ 50 பேரில் ஒரு பகுதியினர் பல் துலக்குவதற்கு முன்பும் மற்றவர்கள் துலக்கிய பின்பும் அதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். எட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பின்பு செய்தவர்களே அதை அடிக்கடி செய்துவந்தார்கள். ஒரு வேலை முடிவது கண்ணுக்குத் தெரிகிற அடையாளம். ஒரு வேலைக்கு ‘முன்’ என்பதற்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. எனவே ‘காலை உணவுக்கு முன்’ என்று தீர்மானிப்பதைவிட ‘முகம் கழுவித் துடைத்தவுடன்’ என்று தீர்மானிப்பது உறுதியானது. பயணத்திலும் விடுமுறையிலும் அந்த மூல வேலையே இடம் மாறிவிடும் என்பது இந்த வழியின் பலவீனம்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. 192 பேர் உணவு தொடர்பான ஒரு சிறு செயலை 84 நாட்கள் பின்பற்றினார்கள். சிலர் அதை நேரத்தோடும், சிலர் அன்றாட வேலையோடும் இணைத்திருந்தார்கள். முடிவில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேலையோடு கோப்பதே சிறந்தது என்று நெடுநாளாக வாதிட்டுவந்த எனக்கு இது சற்று ஏமாற்றம்தான். எனினும், குழுவின் சராசரி சமமாக இருப்பதால் ஒவ்வொருவருக்கும் இரண்டும் சமம் என்றாகிவிடாது. வாரந்தோறும் பணிநேரம் மாறுபவருக்குக் கடிகாரம் கைகொடுக்காது. கைக்குழந்தை உள்ள வீட்டில் வேலைகளின் வரிசையே நாளுக்கு நாள் மாறும்.

எந்த வழியானாலும் அதை அவசரப்பட்டுக் கைவிடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்ற பேச்சின் மூலத்தைத் தேடினால், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய குறிப்புக்குப் போய்ச் சேரும். நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ மூன்று வாரமாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். ‘ஆவது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து ஃபிலிப்பா லாலி குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், செயல் தன்னியல்பாக மாற எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாட்கள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள், கவனித்த போக்கை வைத்துக் கணக்கிட்ட மதிப்பீடுகள்). இருபத்திரண்டாம் நாளில் ‘இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை’ என்று வேறு முறைக்குத் தாவுபவர், இரண்டில் எதையும் சோதித்துப் பார்த்தவர் ஆகமாட்டார்.

அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தொடர் நாட்களை எண்ணும் செயலிகளை மூன்றாவது போட்டியாளராக நான் சேர்க்காததற்கு இதுவே காரணம். நாற்பது நாள் செய்து ஒரு நாள் விட்டவருக்கு அவை பூஜ்யத்தைக் காட்டுகின்றன. உடலிலும் மனத்திலும் பதிந்த நாற்பது நாள் எங்கும் போய்விடவில்லை. கணக்கு வேண்டுமென்றால் வாரத்துக்கு ஏழில் எத்தனை நாள் என்று எண்ணலாம்.

செயலின் அளவும் தேர்வை மாற்றும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடலசைவு ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற கணக்கில் சிறு துண்டுகளும் சேரும். அத்தகைய துண்டுகளை ஒரு வேலையின் முடிவில் எளிதாக ஒட்டிவிடலாம். அரை மணி நேர நடைக்கு நாளில் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். அங்கே கடிகாரமே பொருத்தம்.

காலைக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு இவற்றைவிடப் பெரியது என்பது என் கணிப்பு. காலையில் எழுதல், பல் துலக்கல், குளியல் என்று வேலைகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வருவதால், கோப்பதற்கு முடிச்சுகள் ஏராளம். இரவில், குறிப்பாகத் திரையின் முன்னால், எதுவும் தானாக முடிவதில்லை. ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தயாராக நிற்கிறது. அதனால் என் கழுத்துப் பயிற்சி பல் துலக்கிய கையோடு நடக்கிறது; கைப்பேசியை அடுத்த அறையில் வைக்கும் வேலைக்கு மட்டும் இரவு பத்து மணி அலாரத்தை வைத்திருக்கிறேன். அந்த அலாரக் கடிகாரம் கைக்கெட்டாத அலமாரியின் மேல் இருக்கிறது. அணைக்க வேண்டுமானால் எழுந்தே ஆக வேண்டும்.