திண்ணையில் தனியாகவா, வளவில் சத்தமாகவா?

குடும்பத்தோடு வெளிநாட்டில் கார் ஓட்டிப் போன கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதிய புத்தகம் கிடைத்தால், எங்கள் காரைக்குடி வீட்டில் அதைப் படிக்க இரண்டு வழி. மதியம் திண்ணையில் தனியாகப் படிக்கலாம். இல்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், எல்லாருக்கும் வாசிக்கலாம்.

தனியாகப் படித்தால் நடையின் நுணுக்கம் பிடிபடும். பிடித்த வரிக்குத் திரும்பலாம், ஊர்ப் பெயரை வரைபடத்தில் தேடலாம். ஊர் வர்ணனை அதிகமுள்ள புத்தகத்துக்கு இதுதான் சரி.

ஆனால் சிரிப்புக்கு வளவுதான். பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். நம்மூர்க்காரர் இண்டிகேட்டர் போடப் போய் வைப்பரைப் போட்டுவிடுகிறார், வெயிலில் கண்ணாடி துடைத்துக்கொண்டே ரவுண்டானாவைச் சுற்றுகிறார் என்று வாசித்தால், திண்ணையில் ஒரு புன்னகையோடு போய்விடும். வளவில் அப்படி விடமாட்டார்கள். "நம்ம மாருதியில இண்டிகேட்டர் வலது கைப்பக்கம்ல இருக்கு, பழக்கம் விடுமா?" என்று அப்பச்சி அவருக்காக வாதாடுவார். பின்சீட்டுச் சண்டை வந்தால் பிள்ளைகள் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். அப்பத்தாவோ நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போன கதையை எடுத்துவிடுவார். கப்பலில் ஊறுகாய் ஜாடி உருண்ட இடம் வரும்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்தபடியே எல்லாரும் குலுங்குவோம்.

அன்றைக்கு நாலு பக்கம்கூட நகராது. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. நடையை ரசிக்க மறுநாள் மதியம் திண்ணை இருக்கிறது, அப்பத்தாவின் பினாங்கு கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை.