கூந்தன்குளத்துக்குப் போய் வந்த அப்பாவின் கார்

பிப்ரவரியில் மூன்று வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். பாளையங்கோட்டை வீட்டில் அப்பாவின் கார் எப்போதும் போல உறை மூடி நின்றது. 2014-ல் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய கார், கருநீல மெட்டாலிக் நிறம். பதினோரு வருஷம் ஆகியும் பானெட்டில் முகம் பார்க்கலாம். அந்தக் காரை நான் மூன்று நாளில் கெடுத்தேன். அதைச் சரிசெய்ய ஒரு வாரம் திருநெல்வேலியில் அலைந்தேன். ஊருக்கு வந்து அவசரத்தில் கார் வேலை பார்க்கிறவர்களுக்கு உதவும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குக் கூந்தன்குளம் காட்ட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. நாங்குநேரி பக்கம் இருக்கும் அந்த ஊர் 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளத்தில் மட்டுமல்ல, ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றை விருந்தாளி போலப் பார்க்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். பிள்ளைகள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார்கள். நல்ல உச்சிவெயில். நிழலாக இருக்கிறதே என்று காரை ஒரு புளியமரத்தடியில் விட்டிருந்தேன். மேலே எத்தனை கூடு என்று பார்க்கவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து வந்தால் பானெட்டிலும் டாப்பிலும் இருபதுக்கு மேல் திட்டுகள். காக்கை எச்சம் போல இல்லை. மீன் தின்னும் பறவை அல்லவா, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போலக் கெட்டியாக, கவிச்சி வாடையோடு இருந்தது. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் குடிக்க வைத்துக்கொண்டு, அப்படியே நாங்குநேரியில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் கார் வெட்டவெளியில் நின்றது. திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் ஒரு பையன் காய்ந்த துணியோடு வந்தான். துடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் பெரிய தப்பு.

என்ன நடந்தது என்பது பிறகுதான் விளங்கியது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். வெயிலில் கருநீலப் பானெட் கை வைக்க முடியாமல் சுடும்போது நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இளகும். எச்சமோ காய்ந்து இறுகும். இரவில் குளிரும்போது இளகிய பூச்சு அந்த இறுகிய திட்டைச் சுற்றியே சுருங்கி, அதன் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அமிலமும் சேர்ந்து அரிக்கும். அதோடு எச்சத்தில் மணலும் எலும்புத் துணுக்கும் கிடக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். வீட்டில் கழுவியதும் தெரிந்தது. ஒவ்வொரு திட்டு இருந்த இடத்திலும் மங்கலான ஒரு வட்டம். கோடையில் வற்றிய குளத்துக் கரம்பை வெடித்திருக்குமே, அது போல உள்ளே பொடிப்பொடியாக விரிசல். அதைச் சுற்றித் துணி இழுத்த கீறல்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் லைட் எடுத்து வந்து ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

முதலில் போனது கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு. ஏசி அறை, காபி, மரியாதை எல்லாம் குறைவில்லை. ஆலோசகர் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், தொட்டுப் பார்க்கவில்லை. பானெட், டாப் இரண்டும் முழுப் பெயிண்டிங், அதன்மேல் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு. 29,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 34,810. ஐந்து நாள் ஆகும் என்றார். பானெட்டை பாலிஷ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் நிக்காது சார்" என்றார். இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பறவை எச்சத்தால் வரும் அரிப்பு விபத்துக் கணக்கில் வராது. கிளெய்ம் போட வேண்டுமென்றால் எங்கோ உரசியதாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதாவது பொய். சரி, அதை விடுங்கள். அப்பா வருஷக்கணக்கில் கிளெய்ம் போடாததால் அவருக்கு நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உச்ச அளவான 50 சதவீதத்தில் இருந்தது. ஒரு கிளெய்ம் போட்டால் அது சுழியத்துக்கு வந்துவிடும். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாக 1,000 ரூபாய் நாம் ஏற்க வேண்டும். பெயிண்டிங்கில் பொருள் செலவுக்கு 50 சதவீதம் தேய்மானமும் கழிப்பார்கள். கணக்குப் போட்டால் லாபம் ஒன்றுமில்லை.

மறுநாள் மேலப்பாளையம் பக்கம் ஒரு டிங்கரிங் பெயிண்டிங் ஷெட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு மாமா சொல்லி அனுப்பிய இடம். தகரக் கூரை, ஒரு கம்ப்ரஸர், சுவரெல்லாம் பல நிறத் தூறல். பெயிண்டர் அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். காரை நிழலில் விடச் சொன்னார். பானெட் ஆறும்வரை தொடவே இல்லை. டீ வந்தது. குடித்து முடித்ததும் ஈரத்துணியால் ஒரு வட்டத்தைத் துடைத்தார். ஈரம் இருக்கும்போது வட்டம் மறைந்தது, காய்ந்ததும் திரும்ப வந்தது.

"பாத்தீயளா? தண்ணி நிரம்புனா மறையுது. அப்ப மேலாக்கத்தான் இருக்கு. நவத்த வச்சு இழுத்துப் பாருங்க, தட்டுதா?"

இழுத்தேன், தட்டவில்லை. டாப்பில் ஒரு இடத்தில் மட்டும் நகம் தடுக்கியது. அங்கே கிளியர் கோட் பொரிந்து உரிந்திருந்தது. அது நாரை செய்ததில்லை, பழைய காக்கை எச்சம் என்றார். கார் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்திருக்க வேண்டும்.

"டாப்ப அடிச்சுத் தாரேன். பானெட்டுக்குப் பெயிண்டு வேண்டாம் தம்பி. இது கம்பெனியில நூத்திநாப்பது டிகிரி சூட்டுல வெந்த பெயிண்டு. நாங்க அறுவது டிகிரி வைப்போம். அதுக்கு மேல வச்சா உள்ள இருக்க பிளாஸ்டிக்கெல்லாம் இளகிரும். ஒருக்கா உரிச்சிட்டா அந்தப் பெயிண்டு திரும்பக் கிடைக்காது."

பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறவர் பெயிண்ட் வேண்டாம் என்று சொல்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். பானெட்டையும் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்திருப்பேன். அவருக்கு அது தெரியாமல் இல்லை.

பாலிஷுக்கு அவரே வண்ணார்பேட்டையில் ஒரு தம்பியிடம் அனுப்பினார். அந்தத் தம்பியிடம் பெயிண்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி இருந்தது. பானெட்டில் ஐந்தாறு இடம் வைத்துப் பார்த்தார். 108, 112, 110 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). மொத்தமே அவ்வளவுதான், அதில் கிளியர் கோட் நாற்பது ஐம்பது மைக்ரான் இருக்கலாம், அதிலிருந்து இரண்டு மூன்று எடுத்தால் போதும் என்றார். சும்மா இருக்கட்டும் என்று கதவுகளையும் அளந்தார். இடப்பக்கப் பின்கதவில் 260 காட்டியது. "இது மறுபடி அடிச்ச கதவு சார்" என்றார். அப்பாவிடம் கேட்டேன். 2019-ல் சமாதானபுரத்தில் ஒரு பைக் உரசியதாம். கைக்காசு போட்டுச் சரிசெய்திருக்கிறார். போனில் பேசாத நாள் இல்லை, ஆனாலும் சொன்னதே இல்லை. நான் அங்கே கிடந்து கவலைப்படுவேனாம்.

பானெட் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் ஷாம்பு கழுவல். பிறகு களிமண் கட்டி போல ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் வழுக்கவிட்டு ஒட்டியிருந்த தூசியை எடுத்தார். மோசமான நான்கு வட்டங்களில் மட்டும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, இரண்டு விரலால், அழுத்தாமல் தேய்த்தார். அதன்மேல் 3000 நம்பர். அந்த இடம் பால் போல வெளுத்துவிட்டது. எனக்கு நெஞ்சு பதறியது. பிறகு கம்பவுண்டு என்ற பாலிஷ் பசை தொட்டு மெஷினை மெதுவான வேகத்தில் ஓட்ட, வெளுப்பு கலைந்து கருநீலம் ஆழத்திலிருந்து எழுந்து வந்தது. நடுவில் நிறுத்திப் புறங்கையால் சூடு பார்த்துக்கொண்டே இருந்தார். விளிம்புகளில் பூச்சு மெல்லிசு என்று அங்கே டேப் ஒட்டியிருந்தார். இரண்டு வட்டங்கள் மட்டும் முழுசாகப் போகவில்லை, குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால் தெரியும். அதற்கு மேல் தேய்த்தால் கிளியர் கோட் போய்விடும் என்று தானாகவே நிறுத்திக்கொண்டார். மெழுகுப் பூச்சோடு 3,500 ரூபாய். செராமிக் போடலாமா என்று கேட்டேன். எச்சத்தைச் சுலபமாகக் கழுவ உதவும், ஆனால் வெயிலில் கிடந்தால் அதையும் அரிக்கும் என்றார். ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது.

டாப் மறுபடி மேலப்பாளையத்தில். பெயிண்ட் கோடு பார்த்துக் கலந்தாலும் பதினோரு வருஷ வெயில் பட்ட நிறத்துக்கு அப்படியே வராது. டாப்பின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை ஓடுவதால் வித்தியாசம் கண்ணில் படாது என்று அண்ணாச்சி சொன்னார். அப்படித்தான் அமைந்தது. இரண்டு நாள், 5,500 ரூபாய். ஒரு மாதம் வெறும் தண்ணீர்க் கழுவல் மட்டும், பாலிஷ் மெழுகு எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். குறை என்றால், ஒரு நாள் தருகிறேன் என்றவர் இரண்டு நாள் எடுத்தார், அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. விமானத்துக்கு முந்தின வாரத்தில் வேலை கொடுக்கிறவர்கள் அதற்கும் சேர்த்து நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காரில் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு பருத்தித் துண்டும் எப்போதும் இருக்கட்டும். எச்சம் விழுந்தால் துண்டை நனைத்து அதன்மேல் போட்டுப் பத்து நிமிஷம் விட வேண்டும். ஊறிய பிறகு தேய்க்காமல் அப்படியே அள்ளி எடுக்க வேண்டும். நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

போன வாரம் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பானெட்டின் நடுவே நனைந்த ஈரிழைத் துண்டு ஒன்று மடித்துக் கிடந்தது. கீழே, "காக்கா. ஏழு நிமிஷம் ஆச்சு, இன்னும் மூணு" என்று எழுதியிருந்தார்.